கர்நாடக இசை பயின்ற பிள்ளை இங்கிலாந்தில் ஏ லெவல் இசை எடுப்பதற்கு: பெற்றோருக்கான வழிகாட்டி

இங்கிலாந்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வாய்ப்பாட்டையோ வயலினையோ வீணையையோ மிருதங்கத்தையோ சிறு வயதிலிருந்து முறையாகப் பயில்கிறார்கள். ஆனால் பதினாறு வயதில் உயர்தரத்துக்கு, அதாவது ஏ லெவலுக்கு, பாடம் தெரிவுசெய்யும் வேளையில், அந்தப் பயிற்சி பாடசாலைப் பரீட்சைக்கு எவ்வளவு பயன்படும் என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பாடசாலை ஆசிரியருக்குக் கர்நாடக இசை தெரியாது, சங்கீத ஆசிரியருக்கு ஏ லெவல் பாடத்திட்டம் தெரியாது, பெற்றோராகிய நமக்கு இரண்டிலும் பாதிதான் தெரியும். அந்த இடைவெளியில் நாங்கள் இரண்டு ஆண்டு அலைந்து கற்றதை, அடுத்து வருபவர்கள் அலையாமல் இருக்க இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் கர்நாடகப் பயிற்சிக்கு இந்தப் பரீட்சையில் உண்மையான மதிப்பு உண்டு, ஆனால் அது நேரடியாக உதவுவது மொத்த மதிப்பெண்ணில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத்தான். மீதி முழுவதும் மேலைத்தேய ஹார்மனி (பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்யும் முறை), சுரக்குறியீடு, கேட்டு ஆராய்ந்து எழுதும் பயிற்சி ஆகியவற்றில் இருக்கிறது. கச்சேரி செய்யும் பிள்ளைக்கு இது சுலபமான பாடம் என்று எண்ணி எடுத்தவர்கள் திணறுவதும், அரங்கேற்றம்கூடச் செய்யாத பிள்ளை முன்கூட்டியே கோட்பாட்டைப் படித்து நன்றாகச் செய்வதும் இதனால்தான்.

1. எந்தப் பாடம் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

பதினாறு வயதுக்குப் பின் ஏ லெவல் படிக்கும் ஆறாம் படிவக் கல்லூரிகளின் கையேடுகளில் 'இசை' என்ற சொல் மூன்று வேறு பாடங்களுக்கு முன்னால் நிற்கும். ஒன்று ஏ லெவல் இசை. இரண்டாவது ஏ லெவல் இசைத் தொழில்நுட்பம், இது ஒலிப்பதிவு, கலவை, கணினி வழி இசையாக்கம் பற்றியது, எடெக்செல் என்ற பரீட்சைச் சபை மட்டுமே நடத்துகிறது. மூன்றாவது பீடெக் (BTEC) போன்ற தொழில்சார் தகைமைகள். இவை ஒவ்வொன்றுக்கும் பல்கலைக்கழகங்கள் கொடுக்கும் இடம் வேறு. இசைப் பட்டப்படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு முதலாவதே பாதுகாப்பானது.

மருத்துவம் அல்லது பொறியியல் படிக்க நினைக்கும் பிள்ளை இசை எடுத்தால் வாய்ப்பு கெட்டுவிடும் என்ற பயம் நம்மவரிடையே பரவலாக இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் வேதியியலையும் உயிரியலையும், அல்லது அவற்றில் ஒன்றையும் இன்னொரு அறிவியல் பாடத்தையும், வலியுறுத்துகின்றனவே தவிர மூன்றாவது பாடமாக இசை வருவதைப் பொதுவாக மறுப்பதில்லை. ஆய்வில் முன்னணியில் உள்ள ரசல் குழுமப் பல்கலைக்கழகங்கள் முன்பு வெளியிட்டு வந்த, இசை இடம்பெறாத 'துணைபுரியும் பாடங்கள்' பட்டியலை 2019இலேயே கைவிட்டுவிட்டன, ஆனால் அந்தப் பழைய பட்டியலை இன்னும் உறவினர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் குறிவைக்கும் பட்டப்படிப்பின் நுழைவுத் தகைமையை அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

2. பாடசாலையையும் பரீட்சைச் சபையையும் சேர்த்தே தெரிவுசெய்யுங்கள்

நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிய முடிவு இதுதான், எனவே இதில் நேரம் செலவழியுங்கள். இங்கிலாந்தில் ஏ லெவல் இசையை ஏ.க்யூ.ஏ., எடெக்செல், ஓ.சி.ஆர்., எடுகாஸ் ஆகிய நான்கு சபைகள் நடத்துகின்றன. எந்தச் சபை என்பதைப் பாடசாலை முடிவுசெய்கிறது, மாணவர் அல்ல. ஆகவே சபையைத் தெரிவுசெய்ய வேண்டுமானால் பாடசாலையைத்தான் தெரிவுசெய்ய வேண்டும்.

எல்லாச் சபைகளிலும் மூன்று பகுதிகள் உண்டு: ஆற்றுகை, அதாவது பாடுதல் அல்லது வாசித்தல், ஆக்கம், அதாவது சொந்தமாக இசை அமைத்தல், மூன்றாவது, இசையைக் கேட்டு ஆராயும் எழுத்துப் பரீட்சை. எழுத்துப் பரீட்சைக்கு 40 சதவீதம் என்பது பொது. மீதியில் ஏ.க்யூ.ஏ. ஆற்றுகைக்கு 35, ஆக்கத்துக்கு 25 என்று பிரிக்கிறது. எடெக்செல் இரண்டுக்கும் தலா 30 கொடுக்கிறது. எடுகாஸில் 35-25 என்ற பிரிவில் எதற்கு 35 வேண்டும் என்பதை மாணவரே தெரிவுசெய்யலாம்.

இந்த விழுக்காடுகளை மட்டும் பார்த்து எடுகாஸ் வசதியானது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தச் சபையில் ஆற்றுகையில் வரும் உருப்படிகளில் குறைந்தது ஒன்றாவது பாடத்திட்டத்தின் ஆய்வுப் பகுதிகளில் ஒன்றின் இயல்பைக் காட்ட வேண்டும். அந்தப் பகுதிகள் மேலைத்தேய செவ்வியல், ரொக் மற்றும் பொப், இசை நாடகம், ஜாஸ், இருபதாம் மற்றும் இருபத்தோராம் நூற்றாண்டு இசை என்று அமைந்திருக்கின்றன. முழு நேரத்தையும் ஒரு வர்ணத்தாலும் கீர்த்தனையாலும் நிரப்ப நினைக்கும் பிள்ளைக்கு அது அடைபட்ட வழி. வயலினில் மேலைத்தேய இசையும் சேர்த்துப் பயின்ற பிள்ளைக்கு அது தடையே அல்ல. கர்நாடக இசை மட்டும் பயின்ற பிள்ளைக்கு ஏ.க்யூ.ஏ. அல்லது எடெக்செல் நடத்தும் பாடசாலை பொருத்தமானது என்பது என் கருத்து.

இன்னொரு சிக்கல் வகுப்பின் அளவு. ஏ லெவல் இசைக்கு ஒரு பாடசாலையில் நான்கைந்து பேர் சேர்வதே அரிது. கையேட்டில் பாடம் அச்சிடப்பட்டிருக்கும், திறந்த நாளில் ஆசிரியர் ஆர்வமாகப் பேசுவார், ஆனால் கோடையில் எண்ணிக்கை போதவில்லை என்று வகுப்பையே நிறுத்திவிடுவார்கள். எங்களுக்கும் ஒரு பாடசாலையிலிருந்து அப்படி ஒரு மின்னஞ்சல் ஆகஸ்ட் மாதத்தில்தான் வந்தது. எனவே திறந்த நாளில் இசைத் துறைத் தலைவரிடம் நேராகக் கேட்க வேண்டியவை இவை: தற்போது பன்னிரண்டாம், பதின்மூன்றாம் ஆண்டுகளில் எத்தனை பேர் படிக்கிறார்கள், கடந்த ஆண்டு வகுப்பு நடந்ததா, குறைந்தபட்சம் எத்தனை பேர் சேர்ந்தால் நடத்துவார்கள், நடக்காவிட்டால் அயல் பாடசாலையுடன் சேர்ந்து நடத்தும் ஏற்பாடு உண்டா, எந்தச் சபை, மேலைத்தேயம் அல்லாத இசையை ஆற்றுகைக்கு இதற்கு முன் அனுப்பியிருக்கிறார்களா. கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அதற்காகவே ஒதுக்கிவிட வேண்டியதில்லை, ஆனால் 'அது முடியாது' என்று பதில் வந்தால் அந்த ஆசிரியர் பாடத்திட்டத்தை முழுமையாகப் படிக்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

தனியார் பரீட்சார்த்தியாக வெளியிலிருந்து எழுதிவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கணிதத்துக்கு அது நடக்கும், இசைக்கு நடப்பது மிகக் கடினம். ஆற்றுகையையும் ஆக்கத்தையும் பிள்ளையே செய்தார் என்று ஒரு பரீட்சை நிலையத்தின் ஆசிரியர் மேற்பார்வையிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்பதால், அந்தப் பொறுப்பை ஏற்கும் நிலையங்கள் அரிது.

3. விண்ணப்பமும் ஆவணங்களும்

பதினோராம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில் திறந்த நாள்கள் நடக்கும். விண்ணப்ப முடிவுத் திகதிகள் பாடசாலைக்குப் பாடசாலை மாறினாலும் பலவும் டிசம்பரிலிருந்து பெப்ரவரிக்குள் விழுந்துவிடும். பதினோராம் ஆண்டின் முடிவில் எழுதும் ஜீ.சீ.எஸ்.ஈ. பரீட்சையின் பெறுபேறு வந்த பிறகு பார்க்கலாம் என்று இருந்தால், நல்ல இடங்கள் நிபந்தனை அடிப்படையில் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

பெரும்பாலான பாடசாலைகள் ஜீ.சீ.எஸ்.ஈ. இசையில் 6 அல்லது அதற்கு மேல் எதிர்பார்க்கின்றன. ஜீ.சீ.எஸ்.ஈ.யில் இசை எடுக்காத பிள்ளைக்கும் பல இடங்களில் வழி உண்டு, அதற்கு ஏ.பி.ஆர்.எஸ்.எம். அல்லது ட்ரினிட்டி போன்ற இசைத் தரப் பரீட்சை அமைப்பின் ஐந்தாம் தரச் சான்றிதழையோ, நேரில் ஒரு வாசிப்புச் சோதனையையோ கேட்பார்கள். விண்ணப்பத்துடன் இணைக்கப் பின்வருவனவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள்:

- பிள்ளையின் கடவுச்சீட்டு, குடிவரவு நிலையைக் காட்டும் ஆவணம் (இப்போது பலருக்கும் இது இணையவழி விசாவாக இருப்பதால், பகிர்வுக் குறியீட்டை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்);
- முகவரிச் சான்று;
- எதிர்பார்க்கும் ஜீ.சீ.எஸ்.ஈ. தரங்கள் உள்ள கடைசிப் பாடசாலை அறிக்கை;
- இசைத் தரச் சான்றிதழ்கள், கர்நாடக இசைக்கானவை உட்பட;
- சங்கீத ஆசிரியரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம்.

அந்தக் கடிதத்தில் எத்தனை ஆண்டு பயின்றார் என்பது மட்டும் இருந்தால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. என்ன உருப்படிகளைப் பாடுகிறார், ஆலாபனையும் கல்பனாசுரமும் தானாகச் செய்வாரா, எந்தத் தாளங்களில் பயிற்சி உண்டு, பக்கவாத்தியத்துடன் மேடையில் எவ்வளவு நேரம் பாடியிருக்கிறார் என்று எழுதச் சொல்லுங்கள். 'அரங்கேற்றம்' என்ற ஒரு சொல்லுக்குள் நாம் அடக்கிவிடும் செய்தியைப் பாடசாலைக்கு விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலங்கையிலிருந்து சாதாரண தரம் முடித்து அண்மையில் வந்த பிள்ளையானால், பரீட்சைத் திணைக்களம் வழங்கிய பெறுபேற்றுச் சான்றிதழ் தேவைப்படும், சில கல்லூரிகள் அதற்கு, வெளிநாட்டுத் தகைமைகளை மதிப்பிடும் ஈனிக் அமைப்பின் ஒப்பீட்டு அறிக்கையையும் கேட்கக்கூடும். அதற்குக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு என்பதால் ஆகஸ்ட் வரை விட்டுவைக்க வேண்டாம். ஆகஸ்டின் பிற்பகுதியில் ஜீ.சீ.எஸ்.ஈ. பெறுபேறு வரும் நாளிலோ மறுநாளிலோ பதிவு நடக்கும், அந்த வாரத்தில் ஊருக்குப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

4. கோடை விடுமுறைக்குள் ஐந்தாம் தரக் கோட்பாட்டை முடியுங்கள்

பாடசாலை கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மின் ஐந்தாம் தர இசைக் கோட்பாட்டுப் பரீட்சை இப்போது கணினியில் வீட்டிலிருந்தே எழுதக்கூடியது. ஏ லெவல் வகுப்பின் முதல் வாரத்திலேயே ஆசிரியர் இந்த அறிவு இருப்பதாக எடுத்துக்கொண்டுதான் தொடங்குவார். தவிர, ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் 6 முதல் 8 வரையான செயன்முறைத் தரங்களை எழுத விரும்பினால் ஐந்தாம் தரக் கோட்பாடோ அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் தகைமையோ கட்டாயம். ட்ரினிட்டியில் இந்த நிபந்தனை இல்லை.

நம் பிள்ளைகள் இதில் இடறும் இடம் பெரும்பாலும் ஒன்றே. கர்நாடக இசையில் ஷட்ஜம் பாடுபவரின் சுருதிக்கு ஏற்ப நகரும், ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் அது 'ஸ' தான். மேலைத்தேயக் குறியீட்டில் ஒவ்வொரு கோட்டுக்கும் இடைவெளிக்கும் நிலையான சுருதி உண்டு. ஐந்து கட்டையில் சங்கராபரணம் பாடும் பிள்ளை உண்மையில் ஜி மேஜரில் பாடுகிறாள், அவளது நிஷாதம் எஃப் ஷார்ப். இதைச் சொன்னவுடன் அவளுக்குப் புரியும், ஆனால் கேட்ட ஒரு மெட்டை ஐந்து கோடுகளில் எழுதும்போது கை முதலில் சி என்றுதான் தொடங்கும். எனவே வீட்டில் செய்யக்கூடிய நல்ல பயிற்சி, அவள் ஏற்கெனவே அறிந்த கீதங்களையும் ஜதிசுரங்களையும் தன் சொந்தச் சுருதியிலேயே கோடுகளில் எழுதிப் பார்ப்பது. கீரவாணி தெரிந்தவருக்கு ஹார்மோனிக் மைனர் காதில் ஏற்கெனவே இருக்கிறது, நடபைரவி தெரிந்தவருக்கு இயல்பான மைனரும் அப்படித்தான். காதில் உள்ளதைக் கோட்டில் ஏற்றுவதுதான் வேலை.

மிருதங்கப் பிள்ளைகளுக்கு இந்தக் கோடைப் பயிற்சி இன்னும் அவசியம். தாளக் கணக்கில் அவர்கள் வகுப்பிலுள்ள எவரையும் மிஞ்சுவார்கள், சுரத்தில் பின்தங்குவார்கள். ஒரு சிறிய விசைப்பலகை வாங்கிக் கொடுத்து அடிப்படைக் கோர்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளை, வாசிக்கப் பழக்குங்கள்.

5. செலவு எங்கே வரும், எங்கே வரக் கூடாது

அரச நிதியில் இயங்கும் பாடசாலையில் கல்விக் கட்டணமும் முதல்முறைப் பரீட்சைக் கட்டணமும் உங்களிடம் கேட்கப்படுவதில்லை. உண்மையான செலவு தனி வகுப்புகளில்தான் இருக்கிறது. மேலைத்தேய இசை ஆசிரியர் ஒருவர் மணிக்கு 40 பவுணைச் சுற்றியோ அதற்கு மேலோ கேட்பது வழக்கம், லண்டனில் மேலேதான். எட்டாம் தரச் செயன்முறைப் பரீட்சைக்கு 100 பவுணைச் சுற்றியோ அதற்கு மேலோ ஒதுக்குங்கள், கோட்பாட்டுக்கு அதைவிடக் குறைவு.

கட்டும் முன் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. பெற்றோர் விரும்பிக் கேட்கும் வாத்திய வகுப்புக்குப் பாடசாலை பணம் அறவிடலாம், ஆனால் மாணவர் அந்தப் பாடசாலையில் தயாராகும் பொதுப் பரீட்சையின் பாடத்திட்டத்துக்கு அவசியமான பயிற்சிக்கு அறவிடக் கூடாது என்பது அரசின் வழிகாட்டல். இதனால் பல பாடசாலைகள் ஏ லெவல் மாணவருக்கு வாராந்த வாத்திய அல்லது குரல் வகுப்பை இலவசமாகவோ சலுகையிலோ தருகின்றன. கேட்டால்தான் சொல்வார்கள். கர்நாடக இசைக்கு அவர்களிடம் ஆசிரியர் இல்லாவிட்டால், அதே நேரத்தைப் பியானோவுக்கோ ஹார்மனிக்கோ பயன்படுத்தக் கேளுங்கள்.

வாத்தியம் வாங்குவதாயின் பாடசாலை வழியாக வாங்கும் உதவித் திட்டம் ஒன்று உண்டு. அரச பாடசாலையில் அந்த வாத்தியத்தைப் பயிலும் மாணவருக்கு 20 சதவீத வாட் வரியின்றி அதை வாங்க முடியும். பணத்தைக் கடைக்குக் கட்டிவிட்டு வந்து விண்ணப்பித்தால் பயனில்லை, பாடசாலை அலுவலகத்தில்தான் தொடங்க வேண்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 16-19 உதவி நிதியும் இருக்கிறது. அதற்கும் பாடசாலையிலேயே, வருமான ஆவணங்களுடன், செப்டெம்பரிலேயே விண்ணப்பியுங்கள்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. இசைத்தாள் எழுதும் மியூஸ்ஸ்கோர் இலவசம், ஏ லெவல் தேவைக்கு அது போதும்.

சனிக்கிழமை இளையோர் பிரிவுகளை (ரோயல் அகாடமி, ரோயல் கல்லூரி, கில்ட்ஹோல், ட்ரினிட்டி லாபன் ஆகியவற்றில் உள்ளவை) சிலர் பரிந்துரைப்பார்கள். தரம் உயர்ந்தது, கட்டணம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில், தேர்வும் கடுமையானது. உதவித்தொகைகள் இருப்பதால் ஆர்வமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். ஏ லெவலில் நல்ல தரம் பெற அது தேவை என்று நான் நினைக்கவில்லை.

6. ஆற்றுகை: நேரம், தாள், ஒலிப்பதிவு

எடெக்செலில் குறைந்தது 8 நிமிடம், ஏ.க்யூ.ஏ.யில் 10 முதல் 12 நிமிடம் வரை. இந்த எல்லைக்குக் கீழே போனால் மதிப்பெண் கடுமையாக அடிபடும். உருப்படிகளுக்கு இடையிலான சுருதி சேர்ப்பும் இடைவெளியும் இசை நேரமாகாது என்று கொண்டு, பாடும் நேரமே எல்லையைத் தாண்டும்படி திட்டமிடுங்கள். ஒலிப்பதிவு இறுதியாண்டின் வசந்த காலத்தில், பாடசாலையில், ஆசிரியர் மேற்பார்வையில், ஒரே அமர்வில் நடக்கும். கோயிலில் பாடியதையோ அரங்கேற்றக் காணொளியையோ கொடுக்க முடியாது, வெட்டி ஒட்டவும் முடியாது.

மதிப்பெண் வழங்குவது உங்கள் ஆசிரியர் அல்ல, சபையின் வெளித் தேர்வாளர். அவருக்குக் கர்நாடக இசையில் பழக்கம் இருக்கும் என்று எதிர்பார்க்காமல், ஒலிப்பதிவுடன் போகும் தாளை எழுதுங்கள். வழக்கமான இசைத்தாளுக்குப் பதிலாக, செய்யப் போவதை விவரிக்கும் குறிப்பையும் இந்த இரு சபைகளும் இத்தகைய இசைக்கு ஏற்கின்றன. ஆனால் அந்தக் குறிப்பு விரிவாக இருக்க வேண்டும். ராகத்தின் ஆரோகண அவரோகணம், தாளத்தின் அமைப்பு, பல்லவி அனுபல்லவி சரணம் எங்கே தொடங்குகின்றன, எவை இயற்றப்பட்டவை, எவை கற்பனை, கமகம் எந்தச் சுரங்களில் வருகிறது என்பவற்றை நிமிடக் கணக்குடன் ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒரு வரி இப்படி இருக்கலாம்: '3:10 முதல் 4:40 வரை, கல்பனாசுரம், பல்லவியின் தொடக்க எடுப்புக்குத் திரும்புதல், முதலில் ஓர் ஆவர்த்தனம், பிறகு இரண்டு, முடிவில் மும்முறை வரும் தீர்மானம்.' தேர்வாளர் இதை வைத்துக்கொண்டு கேட்கும்போது கற்பனை எது, பிழை எது என்று குழம்ப மாட்டார். சுரக்குறிப்பையும் உருப்படி பாடப்பட்ட முன்மாதிரி ஒலிப்பதிவையும் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று பாடசாலையிடம் கேளுங்கள்.

உருப்படித் தெரிவில் ஒரு சொல். சபைகள் எதிர்பார்க்கும் கடினம் ஏறத்தாழ மேலைத்தேய ஏழாம் தரம். இரண்டு காலங்களில் ஒரு வர்ணமும், சுருக்கமான ஆலாபனையுடனும் சுரத்துடனும் ஒரு மத்தியமகாலக் கீர்த்தனையும் நன்றாகப் பொருந்தும். பிள்ளையின் கைக்கு எட்டாத பெரிய உருப்படியைச் சங்கீத ஆசிரியர் பெருமைக்காகத் திணித்தால் பணிவாக மறுத்துவிடுங்கள், துல்லியத்துக்கும் வெளிப்பாட்டுக்கும் உள்ள மதிப்பெண் கடினத்துக்கு உள்ளதைவிட அதிகம். மிருதங்கத்தில் தனி ஆவர்த்தனம் மட்டும் பத்து நிமிடம் வாசிப்பதைவிட, ஒரு பகுதியில் பாட்டுக்கு வாசித்துக் காட்டுவது திறமையின் வேறு பக்கத்தையும் வெளிக்கொணரும்.

பக்கவாத்தியக்காரரை மாசி மாதமே பேசி வையுங்கள். வேலை நாளில், பாடசாலை நேரத்தில், வருகையாளர் அனுமதியுடன் வர வேண்டியிருக்கும். அவருக்கான கட்டணம் உங்களுடையது. சுருதிப் பெட்டியோ தம்பூராச் செயலியோ பதிவில் உரக்க விழுந்து பாட்டை மூடாமல், முதல் நாளே ஒலிவாங்கி வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

7. ஆக்கம்: இங்கேதான் காலம் கரையும்

இரண்டு ஆக்கங்கள் கொடுக்க வேண்டும். எடெக்செலில் இரண்டும் சேர்ந்து குறைந்தது 6 நிமிடம், ஏ.க்யூ.ஏ.யில் நாலரை முதல் 6 நிமிடம் வரை. ஒன்று சபை கொடுக்கும் பணிக்குறிப்புக்கு எழுதுவது, மற்றது பிள்ளை விரும்பியபடி எழுதும் சுதந்திர ஆக்கம். அந்தக் குறிப்புகள் இறுதியாண்டின் செப்டெம்பரில் வெளிவரும். ஆனால் எடெக்செலில் ஓர் ஆக்கம் நுட்பத்தைச் சோதிப்பது, அதற்கான குறிப்பு ஏப்ரலில்தான் வரும். அதில் இசையமைப்பாளர் பாக்கின் பாணியில் ஒரு கோரலுக்கு, அதாவது தேவாலயப் பாடலுக்கு, நான்கு குரல்களில் ஹார்மனி எழுதுவது ஒரு தெரிவு. ரீமிக்ஸ் செய்வதும் ஒரு தெரிவுதான், அது சுலபம் என்று ஓடாதீர்கள், தொழில்நுட்பப் பழக்கம் இல்லாதவருக்கு அதுவும் மலைதான்.

நான்கு குரல் ஹார்மனி கர்நாடகப் பிள்ளைக்கு முற்றிலும் புதிய சிந்தனை. நாம் ஒரு மெட்டை அதன் ஓட்டத்தில் கேட்கிறோம், இங்கே ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே மூன்று குரல்கள் என்ன செய்கின்றன என்று கேட்க வேண்டும். மெட்டுக்கு அடுத்தபடியாகத் தாழ் குரலை எழுதி, கேடன்ஸ்களை, அதாவது இசை வாக்கியங்களின் முடிவுகளை, முதலில் நிலைநிறுத்தி, பிறகு நடுக் குரல்களை நிரப்பும் வரிசையைப் பழக்குங்கள். இரண்டு குரல்கள் அடுத்தடுத்து ஐந்தாம் இடைவெளியிலேயே (ஸ-ப தூரம்) நகர்வது இந்தப் பாணியில் பிழை. இந்தப் பிழை நம் காதுக்குப் பிழையாகவே படாது என்பதால், எழுதி முடித்தபின் இரண்டிரண்டு குரலாகக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு கோரல் வீதம் பன்னிரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே எழுதினால் ஏப்ரலில் பதற்றம் இராது. நான் செலவழித்ததில் பயன் மிகுந்தது ஹார்மனிக்கான தனி வகுப்புக் கட்டணம்தான்.

சுதந்திர ஆக்கத்தில் ராகத்தைப் பயன்படுத்தத் தடையில்லை. ஆனால் சுருதியின் மேல் ஒரே மெட்டு ஓடுவதாக மட்டும் அமைத்தால், கருத்தை வளர்ப்பதற்கும் இழையமைப்பை (குரல்களும் வாத்தியங்களும் ஒன்றோடொன்று இணையும் விதத்தை) மாற்றுவதற்கும் உள்ள மதிப்பெண்ணை எடுப்பது கடினம். ஒரு ராகத்தின் சுரங்களை இரண்டு வாத்தியங்களுக்கிடையே பங்கிட்டு, தாளக் கோவைகளை வளர்த்து, நடுவில் கிரக பேதத்தால் ஷட்ஜத்தை நகர்த்திக் காட்டும் ஆக்கத்துக்கு வழி இருக்கிறது. இங்கே நம் பிள்ளைக்கு மற்றவரிடம் இல்லாத கையிருப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை. ஆக்கம் பிள்ளையின் சொந்த வேலை என்று பிள்ளையும் ஆசிரியரும் கையெழுத்திடுகிறார்கள், ஒரு பகுதியைப் பாடசாலையின் மேற்பார்வையிலேயே செய்ய வேண்டும். வீட்டு வகுப்பு ஆசிரியர் 'திருத்திக் கொடுத்த' பக்கங்களோ செயற்கை நுண்ணறிவுச் செயலி கொடுத்த பகுதிகளோ கண்டுபிடிக்கப்பட்டால் பரீட்சை முறைகேடாகும், பாடம் முழுவதுமே ரத்தாகக்கூடும். வெளி ஆசிரியர் பயிற்சிக் கோரல்களைத் திருத்தட்டும், சமர்ப்பிக்கும் ஆக்கத்தைத் தொடாதிருக்கட்டும்.

ஆற்றுகையும் ஆக்கமும் மே மாதத்தின் நடுவில் சபைக்குப் போய்விடும். பாடசாலைகள் தம் உள் முடிவுத் திகதியை ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னாலேயே வைப்பது வழக்கம், அதையே உண்மையான திகதியாகக் கொள்ளுங்கள்.

8. எழுத்துப் பரீட்சை

இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் வினாத்தாள், கோடையில் வரும். ஒலிப்பகுதிகளைக் கேட்டு விடை எழுதுதல், கேட்ட மெட்டைக் குறியீட்டில் எழுதுதல், பாடத்திட்டத்திலுள்ள படைப்புகள் பற்றிய நீண்ட கட்டுரை ஆகியவை இதில் அடங்கும். ஏ.க்யூ.ஏ.யில் 1650 முதல் 1910 வரையான மேலைத்தேய மரபு கட்டாயம்: பரோக் தனிவாத்தியக் கொன்சேர்ட்டோ, மோட்சார்ட்டின் ஓபரா, ஷொபான், பிராம்ஸ், கிரீக் ஆகியோரின் பியானோ இசை. எடுகாஸில் ஹேடனின் 104ஆவது சிம்பொனியோ மெண்டெல்சோனின் நான்காவதோ ஆழமாகப் படிக்கப்படும்.

ஏ.க்யூ.ஏ.யின் சமகால மரபிசைப் பகுதியில் அனுஷ்கா சங்கர் இருப்பதைப் பார்த்துப் பிள்ளை மகிழ்ந்துபோகும். அந்தப் பகுதி பாடசாலை தெரிவுசெய்தால் மட்டுமே வரும். வந்தாலும் அது சிதார், இந்துஸ்தானி மரபு, மின்னணு இசையுடன் கலந்த படைப்பு, கேள்விகள் இழையமைப்பு, ஹார்மனி, ஒலிப்பதிவு நுட்பம் என்றுதான் கேட்கும். ராகத்தின் பெயரைச் சொல்வதால் மட்டும் மதிப்பெண் வராது.

இதற்கு நாள்தோறும் கேட்கும் பழக்கமே மருந்து. படைப்பின் இசைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த பாரில் (இசைத்தாளில் செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்ட தாளப் பகுதி) என்ன நடக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே கேட்கச் சொல்லுங்கள். கட்டுரையில் பார் எண்ணுடன் சான்று காட்டும் பழக்கம் அப்படித்தான் வரும்.

9. பல்கலைக்கழகமும் பெறுபேறும்

கொன்சர்வட்டோயருக்கு, அதாவது உயர் இசைக் கல்லூரிக்கு, விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு யூகாஸ் (பல்கலைக்கழக விண்ணப்பங்களை ஏற்கும் அமைப்பு) நடத்தும் யூகாஸ் கொன்சர்வட்டோயர்ஸ் முடிவுத் திகதி ஒக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிடும். அதாவது பதின்மூன்றாம் ஆண்டு தொடங்கி ஒரு மாதம்தான். தேர்வு வாசிப்புகள் பெரும்பாலும் அந்த டிசம்பர் முடிவதற்குள் நடக்கும். எனவே உருப்படிகள் கோடையிலேயே தயாராக வேண்டும்.

6, 7, 8ஆம் தரச் செயன்முறைப் பரீட்சைகளுக்கு யூகாஸ் புள்ளிகள் உண்டு, எட்டாம் தர அதிவிசேட சித்திக்கு 30. ஏ லெவல் பி தரத்துக்கு 40 என்பதோடு ஒப்பிட்டால் பெரிதாகத் தோன்றும். ஆனால் புள்ளி அடிப்படையில் இடம் தராமல் தரங்களை மட்டும் கேட்கும் பல்கலைக்கழகங்கள் பல, அங்கே இவை கணக்கில் வராது. யூகாஸின் பட்டியலில் உள்ள பரீட்சைகளுக்கே புள்ளி என்பதால், கர்நாடக இசைத் தரப் பரீட்சைக்குக் கட்டணம் கட்டும் முன் அது பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகஸ்டில் பெறுபேறு வந்து, எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால், பாடசாலையின் பரீட்சை அலுவலர் வழியாக மறுஆய்வு கேட்கலாம். பல்கலைக்கழக இடம் அந்தத் தரத்தில் தங்கியிருந்தால் முன்னுரிமை மறுஆய்வைக் கேளுங்கள், அதற்கான முடிவுத் திகதி ஏறத்தாழ ஒரு வாரத்தில் வந்துவிடும். மறுஆய்வில் மதிப்பெண் குறையவும் கூடும் என்பதால் பிள்ளை எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். அந்த வாரத்தில் பிள்ளை ஊரிலோ வேறு நாட்டிலோ இருந்தாலும் சம்மதத்தை மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா என்று, பாடசாலை கோடைக்கு மூடும் முன்னரே அந்த அலுவலரிடம் கேட்டு, அவரது விடுமுறைக்கால மின்னஞ்சல் முகவரியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.